உறுதி கைக்கு வரும்வரை

அன்புள்ள மகளுக்கு,

இங்கே எல்லாரும் சுகம். நீயும் மருமகனும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

"இன்னும் எத்தனை நாள் அப்பா?" என்று நேற்றுப் போனில் கேட்டாய். நீ விற்கும் ஹட்டன் வீட்டை வாங்குகிறவருக்கு லோன் வரவில்லை. நீ வாங்கப்போகும் கட்டுகஸ்தோட்டை வீட்டின் சொந்தக்காரர் பொறுக்க மாட்டேன் என்கிறார். நடுவில் கண்டி வாடகை ஓடிக்கொண்டிருக்கிறது. போனில் சொன்னால் பாதி காதில் நிற்காது, அதனால் எழுதுகிறேன்.

முதல் காரியம், எத்தனை நாள் என்று யாரையும் கேட்காதே. "ஒரு கிழமை" என்பார்கள், அடுத்த கிழமையும் அதையே சொல்வார்கள். காகிதம் எந்த மேசையில் கிடக்கிறது, என்ன குறை, திகதியும் இலக்கமும் என்ன என்று கேள். காணிப் பதிவகத்துக்கு ஒரு பத்திரம் போனால் நாட்பதிவு இலக்கம் ஒன்று விழும். வங்கியில் லோன் ஃபைலுக்கும் ஒரு இலக்கம் இருக்கும். நகர சபையில் பணம் கட்டிய ரசீது இருக்கும். இவற்றை ஒரு கொப்பியில் எழுதி வைத்துக்கொண்டு பேசினால் எதிரில் இருப்பவரும் ஃபைலை எடுத்துப் பார்த்துத்தான் பதில் சொல்வார்.

இப்போது ஹட்டன் பக்கம். வாங்குகிறவர் லோன் எடுப்பதால், அவருடைய வங்கியின் லோயர் உன் உறுதியை, அதாவது வீட்டுக் காணிப் பத்திரத்தை, முப்பது வருடத்துக்குப் பின்னால் போய்ப் பார்ப்பார். பதிவகத்தில் ஃபோலியோ ஃபோலியோவாக, அதாவது பதிவேட்டுப் பக்கம் பக்கமாகத் தேடி, இடையில் ஒரு கைமாற்றம் விட்டுப்போயிருந்தாலும் நிறுத்திவிடுவார். பழைய ஃபோலியோ கிழிந்திருந்தால் பிரதி எடுக்கவே நாளாகும். இதற்கு வங்கியைத் திட்டிப் பயனில்லை. தேடிய பிரதிகளை நீயே எடுத்துக் கொடுத்துவிட்டால் அந்தத் தேடலில் பாதி மிச்சம். கூடவே ஆதனவரி ரசீது, ஓனர்ஷிப் சேர்ட்டிபிகட், வீதி எல்லைக் கோட்டைக் காட்டும் ஸ்ட்ரீட் லைன் சேர்ட்டிபிகட், அனுமதி பெற்ற வீட்டுப் பிளான், கட்டி முடித்த பின் சபை தரும் இசைவுச் சான்றிதழ். சபைக் காகிதங்களை ரொம்ப முந்தி எடுக்காதே. பழசாகிவிட்டால் வங்கி புதுசு கேட்கும், திரும்பவும் வரிசை.

உன் வீட்டில் சிக்கப்போவது மேல்மாடி அறைதான். அனுமதிப் பிளானில் அது இல்லை. வங்கியின் மதிப்பீட்டாளர் பிளானைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டை அளப்பார், அறை கூடுதலாக இருந்தால் எழுதிவிடுவார். பிறகு ஹட்டன்-டிக்கோயா நகர சபையில் திருத்தப் பிளான் போட்டு, தண்டம் கட்டி, அனுமதி எடுக்க வேண்டும். மலைச்சரிவு என்பதால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அறிக்கையும் கேட்பார்கள். அவர்கள் வந்து நேரில் பார்ப்பார்கள்: வீட்டுக்குப் பின்னால் மண் எவ்வளவு உயரம் வெட்டியிருக்கிறது, தாங்கு சுவரில் தண்ணீர் வெளியேறத் துளை இருக்கிறதா, மழைத் தண்ணீர் எந்த வடிகானுக்குப் போகிறது என்று. அந்தத் துளைக் குழாய்கள் மண்ணால் அடைத்திருந்தால் முதலில் சுத்தம் பண்ணிவை. சுவருக்குப் பின்னால் தண்ணீர் தேங்கினால் சுவர் வயிறு தள்ளும், பார்த்தவுடன் தெரியும். இந்த ஒரு தாமதத்துக்கு மட்டும் நான் முகம் சுளிக்க மாட்டேன். 2014 அக்டோபர் 29 மீரியபெத்தைத் தோட்டத்து மண்சரிவில் என்ன நடந்தது என்று உனக்குத் தெரியும். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மலையகத்தைப் புரட்டிப் போட்டதையும் பார்த்தாய்.

அடுத்தது பெயர். நம் ஆட்களுக்கு இது தீராத வியாதி. தோட்டத்துப் பிறப்புப் பதிவில் கிளாக்கர் காதில் விழுந்தபடி எழுதிய பெயர் ஒன்று, அடையாள அட்டையில் சிங்களத்தில் இருந்து ஆங்கிலத்துக்குப் போன பெயர் ஒன்று, உறுதியில் இன்னொன்று. ராமசாமி ஒரு காகிதத்தில் 'ராமசாமி', இன்னொன்றில் 'இராமசாமி', மூன்றாவதில் முதலெழுத்தே இல்லை. வங்கி லோயருக்கு இவர்கள் மூன்று பேர். இதற்கு ஒரு சத்தியக் கடதாசி போட்டு, மூன்று பெயரும் ஒரே ஆள்தான் என்று எழுதிச் சமாதான நீதவான் முன்னால் கையெழுத்து வைத்தால் பெரும்பாலும் போதும். அரை நாள் வேலை. கையெழுத்து வைக்கிற அன்றைக்குக் கண்டுபிடித்தால்தான் இரண்டு கிழமை போகும். உன் பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, கல்யாணச் சான்றிதழ், உறுதி நான்கையும் மேசையில் பக்கம் பக்கமாக வைத்து எழுத்தெழுத்தாகப் பார்.

உன் பழைய வீட்டு லோனில் இன்னும் மீதி இருப்பதால் உறுதி உன் வங்கியின் பெட்டகத்தில் இருக்கிறது. மீதிக் கணக்குக் கடிதம் ஒன்று கேட்டு வாங்கு, அதில் எந்தத் திகதி வரைக்கும் அந்தத் தொகை செல்லும் என்று இருக்கும். வாங்குகிறவரின் வங்கி அந்தத் தொகையை நேராக உன் வங்கிக்குக் கட்டி, உன் வங்கி ஈட்டை, அதாவது அடமானத்தை, நீக்கி உறுதியை விட வேண்டும். இரண்டு வங்கியும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்கும் இடம் இதுதான்: நீ முதலில் காசைக் கொடு, நீ முதலில் உறுதியைக் கொடு என்று. இரண்டு லோயர்களின் இலக்கத்தையும் இருவருக்கும் கொடுத்து, நேராகப் பேச வை. நீ நடுவில் தூது போகாதே.

கட்டுகஸ்தோட்டை வீட்டுக்கு வருகிறேன். அங்கே நீ வாங்குகிறவள், அதனால் அவசரப்பட வேண்டியவர் மற்றவர், சந்தேகப்பட வேண்டியவள் நீ. அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் மூன்று விஷயம்.

ஒன்று, பாதை. வீட்டு வாசலுக்குப் போகும் பத்தடிப் பாதை பிளானில் இருக்கிறதா, உறுதி அட்டவணையில் 'பாதை உரிமையுடன்' என்று எழுதியிருக்கிறதா? மலையில் நிறைய வீட்டுக்குப் பாதை தோட்ட ரோட்டின் வழியாகத்தான். நடக்க விடுவார்கள், லொறியும் வரும், ஆனால் காகிதத்தில் இருக்காது. வங்கி லோன் அங்கேயே விழும். தண்ணீரும் அப்படித்தான். மேல் வளவில் இருக்கும் பீலியில் இருந்து குழாய் இழுத்திருந்தால், மேல் வளவுக்காரர் நாளைக்கு மூடினால் நீ கேட்க முடியாது. எழுத்தில் இல்லாவிட்டால் அது தயவுதான், உரிமை இல்லை.

இரண்டு, பேர்ச்சஸ் கணக்கு. பதினைந்து பேர்ச்சஸ் என்கிறார். ஒரு பேர்ச் 272.25 சதுர அடி. நீ நாடாவைப் பிடித்துச் சரிவில் அளந்தால் கூடத்தான் வரும், ஏனென்றால் சர்வேயர் பிளான் மட்டத்தில் எடுத்த அளவு. முப்பது பாகைச் சரிவில் 20 மீற்றர் நடந்தால் பிளானில் அது ஏறக்குறைய 17.3 மீற்றர். ஆகவே நாடாவை நம்பிச் சண்டைக்குப் போகாதே, லைசன்ஸ் சர்வேயர் ஒருவரைக் கூட்டிப் போய்ப் பழைய பிளானை வைத்து எல்லைக் கட்டை தேடச் சொல். மழையில் சரிந்து மண் மூடிய கட்டை நிறைய. மே மாதத்தில் தென்மேல் மழை பிடிப்பதற்கு முன் அளந்துவிடு. பிடித்துவிட்டால் அட்டைக் கடியோடு இரண்டு தடவை வந்து திரும்புவார்கள்.

மூன்று, அது எந்த வகைக் காணி? பரம்பரைச் சொந்த உறுதியா, அரசாங்கம் கொடுத்த அளிப்பா? ஸ்வர்ணபூமி, ஜயபூமி என்று இருந்தால் பிரதேச செயலாளரின் சம்மதம் இல்லாமல் கைமாற்ற முடியாது. அது தனி வரிசை, மாதக்கணக்கு. தோட்ட லயமோ, உறுதி இன்னும் கைக்கு வராத தோட்ட வீடோ என்றால் பேச்சையே நிறுத்து.

இனி இரண்டையும் கோப்பது. காணி விற்கும் உடன்படிக்கை எழுத்தில், உறுதி எழுதும் லோயரான நொத்தாரிஸ் முன், இரண்டு சாட்சியோடு இருந்தால்தான் சட்டத்தில் நிற்கும். 1840ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புச் சட்டம் சொல்வது அதுதான். வெள்ளைத் தாளில் முத்திரை ஒட்டிக் கொடுத்த அட்வான்ஸை நம்பாதே. உடன்படிக்கையைப் பதிவகத்தில் பதிவும் செய். பதிவு முந்தியவருக்குத்தான் முதலிடம்.

காலக்கெடு எழுதுவதில்தான் எல்லாரும் தவறுகிறார்கள். விற்பனைக்கும் வாங்குதலுக்கும் ஒரே மூன்று மாதம் என்று எழுதினால், முதலாவதில் பத்து நாள் பிந்தினால் இரண்டாவதில் உன் அட்வான்ஸ் போகும். ஹட்டனுக்கு மூன்று மாதம், கட்டுகஸ்தோட்டைக்கு ஐந்து மாதம் என்று எழுது. கூடவே, வங்கியாலோ அரசாங்கக் காரியாலயத்தாலோ பிந்தினால் எழுத்தில் அறிவித்து முப்பது நாள் நீட்டலாம் என்று ஒரு வரி. கட்டுகஸ்தோட்டைக்காரர் ஐந்து மாதத்துக்கு முனகினால் விலையில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தாவது காலத்தை வாங்கு. நாளை வாங்குவதும் காசு கொடுத்து வாங்குவதுதான். ஹட்டன்காரர் கொடுத்த 12 இலட்சத்தை அப்படியே எடுத்துக் கட்டுகஸ்தோட்டைக்கு அட்வான்ஸாகக் கொடுக்காதே. அவர் லோன் கிடைக்காமல் திரும்பினால், திருப்பிக் கொடுக்க வேண்டியது உன் கையில் இருக்காது. மூன்று மாத நிலையான வைப்பில் போடு.

கலண்டரையும் பார். ஏப்ரல் இரண்டாம் கிழமை எந்தக் காரியாலயத்திலும் ஆள் இருக்காது. மாதம் ஒரு போயா, பௌர்ணமி விடுமுறை. தலதா மாளிகைப் பெரஹரா ஊர்வலக் காலத்தில் கண்டி டவுனுக்குள் போய் வருவதே பாடு. நம்மவர்களுக்கு ஆடியும் மார்கழியும். "ஆடி கழியட்டும் அண்ணே" என்று வாங்குகிறவர் சொன்னால் எந்த லோயராலும் ஒன்றும் பண்ண முடியாது. கையெழுத்தை ஆனியிலோ ஆவணியிலோ வைத்துக்கொள். ராகுகாலம் பார்ப்பவரானால் நொத்தாரிஸிடம் முதலே நேரம் கேள்.

காசுக் கணக்கில் மறந்துபோவது முத்திரைத் தீர்வை. வாங்குகிறவர் கட்டுவது. முதல் ஒரு இலட்சத்துக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம். கட்டுகஸ்தோட்டை வீட்டுக்கு நீ கொடுக்கும் 1 கோடி 80 இலட்சத்துக்கு 7 இலட்சத்து 19 ஆயிரம். லோயர் கூலி புறம்பு. விலையைக் குறைத்து எழுதலாம் என்று யாராவது சொல்வார்கள். மாகாண வருமானத் திணைக்களம் சந்தைப் பெறுமதி பார்த்து மிச்சத்தைக் கேட்கும், அதுவும் ஒரு தாமதம்.

இன்னொரு கணக்கு யாரும் சொல்ல மாட்டார்கள். விற்று வரும் மூலதன ஆதாயத்துக்கு 2025 ஏப்ரலில் இருந்து தனி ஆளுக்கு வரி 15 வீதம், விற்று ஒரு மாதத்துக்குள் விபரத்திரட்டும் கொடுக்க வேண்டும். சொந்தமாகக் குடியிருந்த வீட்டுக்கு விலக்கு உண்டு: விற்கும் நாளுக்கு முந்திய மூன்று வருடமும் உன் பெயரில் இருந்து, அதில் இரண்டு வருடமாவது நீ அதில் இருந்திருக்க வேண்டும். நீங்கள் வீட்டைப் பூட்டிக் கண்டிக்கு வந்து ஏழு மாதம். இன்னும் ஐந்து மாதத்துக்குமேல் இழுத்தால் அந்த இரண்டு வருடக் கணக்கு உடைகிறது. ஆகவே உண்மையான கெடு உடன்படிக்கையில் இல்லை, இதில் இருக்கிறது. கணக்காளரிடம் இந்தக் கிழமையே பேசு. தவறிப்போனாலும், 2017 செப்டம்பர் 30இல் அந்த வீடு உன் பெயரில் இருந்ததால் அன்றைய பெறுமதியில் இருந்துதான் ஆதாயம் எண்ணுவார்கள். அதற்கு ஒரு மதிப்பீட்டு அறிக்கை எடுத்து வை.

சாவி விஷயம் சுருக்கம். முழுப் பணம் வராமல் ஹட்டன் சாவியைக் கொடுக்காதே, "சாமான் மட்டும் வைக்கிறேன்" என்றாலும் கொடுக்காதே. கட்டுகஸ்தோட்டை உறுதி எழுதியதும் மூலப் பத்திரம் உன் கைக்கு வர நாளாகும், பயப்படாதே. நொத்தாரிஸ் ஒரு பிரதியைத் தன்னிடம் வைத்துக்கொண்டு, இன்னொன்றை அடுத்த மாதம் 15ஆம் திகதிக்குள் பதிவகத்துக்கு அனுப்ப வேண்டும். பதிவு இலக்கம் விழுந்ததா என்று 16ஆம் திகதி போன் பண்ணு.

கட்டுகஸ்தோட்டைப் பிளானையும் உறுதியின் அட்டவணைப் பக்கத்தையும் வாட்ஸ்அப்பில் அனுப்பு. ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து நேராக எடு, போன தடவை கிழக்கு எல்லை மடிப்பில் மறைந்துவிட்டது. மேல்மாடி அறைக்கு அந்தக் காலத்தில் யார் பிளான் கீறியது என்று அம்மா பழைய பெட்டியில் தேடிக்கொண்டிருக்கிறாள், கிடைத்தால் சனிக்கிழமை பஸ்ஸில் கொடுத்துவிடுகிறேன்.

அன்புடன்
அப்பா