சிங்கப்பூர் ஆற்றின் வரலாறு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழின் சிங்கப்பூர்ப் பயணக் கட்டுரையில், 'சாக்கடையாகக் கிடந்த ஆற்றைச் சுத்தம் செய்த பிறகுதான் இந்தக் கரைக்கு வரலாறே தொடங்கியது' என்ற வரியைப் படித்து மனம் நொந்தேன். 1977-இல் பிரதமர் லீ குவான் யூ பத்தாண்டுக் கெடு விதித்து, 1987-க்குள் பணியை முடித்துக் காட்டியது அரிய சாதனை. அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால், அத்தனை பேர் அந்தக் கரையை நம்பிப் பிழைத்ததால்தான் ஆறு அழுக்கானது என்பதையும், 1983-இல் தொங்கான்கள் எனப்படும் சரக்குப் படகுகள் ஆற்றைவிட்டு, பாசிர் பாஞ்சாங் என்ற கடலோரப் பகுதிக்கு அனுப்பப்பட்டபோது பல தலைமுறைகளாக அங்கே நடந்துவந்த தொழில் முடிவுக்கு வந்தது என்பதையும் கட்டுரையாளர் ஒரு வரியிலாவது சொல்லியிருக்க வேண்டாமா?

பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழ் முஸ்லிம் படகோட்டிகள் அந்த ஆற்றில் தொங்கான் ஓட்டியதும், மார்க்கெட் தெருக் கிட்டங்கிகளில் நகரத்தார் எனப்படும் செட்டியார்கள் கொடுக்கல் வாங்கல் நடத்தியதும் தாங்கள் அறியாதவை அல்ல. மகள் வீட்டுக்குச் சென்றிருந்தபோது நானே அந்தக் கரையில் நடந்து பார்த்தேன். இந்தியக் கைதிகளின் உழைப்பில் எழுந்து 1869-இல் திறக்கப்பட்ட கெவனா பாலத்தில், மாடுகளும் குதிரைகளும் கடக்கக் கூடாது என்ற பழைய காவல்துறை அறிவிப்பு இன்றும் இருக்கிறது. சற்றுத் தள்ளி, ஆற்றோரமாகவே, செட்டியாருக்குச் சிலை வைத்திருக்கிறார்கள். முகத்துவாரத்தில் நின்ற கல்வெட்டுப் பாறையை 1843-இல் ஆங்கிலேயர் வெடிவைத்துத் தகர்த்தனர். எஞ்சிய துண்டு தேசிய அருங்காட்சியகத்தின் பாதுகாப்பில் இருக்கிறது. அதிலுள்ள எழுத்தை இன்றுவரை எவரும் ஐயமறப் படித்ததில்லை. அந்த ஊர்க்காரர்கள் இவ்வளவு அக்கறையோடு காத்துவரும் நினைவை, தமிழ் இதழ் ஒன்று ஒரே வரியில் துடைத்துவிட்டதே என்பதுதான் என் வருத்தம்.

இது முதல் முறையும் அல்ல. தங்கள் பயணக் கட்டுரைகளில் உணவகங்களுக்கும் கடைத்தெருக்களுக்கும் பக்கம் பக்கமாக இடம் கிடைக்கிறது. அந்த ஊரைக் கட்டியவர்களுக்குக் கிடைப்பதில்லை. பினாங்குக் கட்டுரை வந்தபோதும் இதையே எழுதினேன். என் கடிதம் வெளிவரவில்லை, பதிலும் வரவில்லை. நெடுங்காலமாகச் சந்தா கட்டிவரும் வாசகனுக்கு ஓர் அஞ்சலட்டையாவது எழுதியிருக்கலாம்.

அந்த வரிக்கு அடுத்த இதழில் ஒரு திருத்தமும், கெவனா பாலம், செட்டியார் சிலை, தமிழ் முஸ்லிம்களைக் குறிக்கும் பெயர் தாங்கிய சூலியா தெரு ஆகியவை இருக்குமிடம் காட்டும் சிறு வரைபடமும் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்