நாலு வாசல் வைத்த பெட்டி

அன்புள்ள எல்லோருக்கும்,

பாப்பாவின் அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார். மெதுவாக நடக்கிறார், ரசம் சாதம் இறங்குகிறது. நடந்தது உங்களுக்கே தெரியும், திரும்ப எழுதத் தெம்பில்லை. ராத்திரிகளில் மாற்றி மாற்றி ஆஸ்பத்திரியில் உட்கார்ந்தவர்கள், எடிசன் ஊரிலிருந்து சாப்பாடு கட்டிக்கொண்டு வந்தவர்கள், இன்சூரன்ஸ்காரர்களோடு எங்களுக்காகப் போனில் மல்லுக்கட்டியவர்கள், மதுரையில் என் அம்மாவுக்குத் தைரியம் சொன்னவர்கள், உங்கள் எல்லோருக்கும் நேரில் வந்து நன்றி சொல்வேன்.

இங்கே எழுத வந்தது இன்னொருவரைப் பற்றி. நீங்கள் யாரும் அவரைப் பார்த்திருக்க மாட்டீர்கள்.

பாப்பா போவது யூத சமூக மையம் நடத்தும் மழலையர் பள்ளி. எல்லா மதத்துப் பிள்ளைகளும் படிக்கிறார்கள், கொண்டாடுவது யூதப் பண்டிகைகளை. அப்போது சுக்கோத் வரும் நேரம். எகிப்தை விட்டுக் கிளம்பிப் பாலைவனத்தில் நாற்பது வருஷம் அலைந்த முன்னோரை நினைத்து, வீட்டுக்கு வெளியே குடில் கட்டி ஏழு நாள் அதில் சாப்பிடுவார்கள். வெட்டிய கிளைகள்தான் கூரை, இடுக்கில் நட்சத்திரம் தெரிய வேண்டும். குடில் என்றால் விருந்தாளி வேண்டும். ஆபிரகாமில் தொடங்கி, ஒரு நாளைக்கு ஒரு முன்னோரை வாய்விட்டு உள்ளே அழைப்பதுகூட வழக்கம். அதனால் பள்ளியிலும் வீட்டுப் பெரியவர்களை விருந்தாளியாக வரச் சொல்லி, ஃபிரிட்ஜ் வந்த பெரிய அட்டைப்பெட்டிகளைக் கொடுத்து, பிள்ளையோடு சேர்ந்து குடில் செய்ய வைத்தார்கள்.

நான் ஐசியு வாசலில் இருந்தேன். பாப்பாவுக்கு விருந்தாளி இல்லை.

இன்னொரு பிள்ளையின் பாட்டி, ஹீப்ருவில் பாட்டிக்குச் சவ்தா, எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள், பேரனின் பெட்டியைத் தன் மகளிடம் விட்டுவிட்டுப் பாப்பா பக்கத்தில் போய் உட்கார்ந்திருக்கிறார். சாயங்காலம் டீச்சர் போனில் சொன்னார். வாசல் எங்கே வேண்டும் என்று கேட்டதற்கு, அப்பா வர இந்தப் பக்கம் என்றாளாம். வெட்டினார். அம்மாவுக்கு ஒன்று. அம்மாச்சி ஊரிலிருந்து வருவதால் அவருக்குத் தனியாக ஒன்று. நாலாவது உங்களுக்கு என்று சவ்தாவைக் காட்டியிருக்கிறாள். ஒன்று போதுமே என்று சொல்லாமல் நாலையும் வெட்டிக் கொடுத்திருக்கிறார். எந்தத் திசையிலிருந்து யார் வந்தாலும் நுழையட்டும் என்று ஆபிரகாம் தன் கூடாரத்தை நாலு பக்கமும் திறந்து வைத்திருந்ததாக அவர்கள் மரபில் ஒரு கதை உண்டு. வெட்டிக்கொண்டே அதையும் சொன்னாராம்.

நாலு பக்கமும் வெட்டினால் அட்டை எப்படி நிற்கும்? டேப் ஒட்டியும் ஒரு மூலை சரிந்துகொண்டே இருந்திருக்கிறது. பிள்ளைகள் ஸ்நாக் சாப்பிட்டு முடிக்கிறவரை அந்த அம்மா தரையில் உட்கார்ந்து மூலையைக் கையால் பிடித்துக்கொண்டே இருந்திருக்கிறார். பாப்பா உள்ளே ஆப்பிள் துண்டைக் கடித்தபடி ஒவ்வொரு வாசலிலும் எட்டிப் பார்த்து எல்லோரையும் கூப்பிட்டாளாம்.

நியூயார்க் மாநிலத்து ரோச்செஸ்டரில், பேர்பெற்ற விளையாட்டுப் பொருட்களைக் கௌரவிக்கும் தேசிய பொம்மைகள் அரங்கத்தில் 2005-இல் அட்டைப்பெட்டியைச் சேர்த்தார்கள். சரியாகத்தான் செய்தார்கள். கடையில் வாங்கின எந்தப் பொம்மையில் அப்பாவுக்கு ஒரு வாசல் வெட்ட முடியும்?

அந்த நாட்களில் நான் பாப்பாவைப் பற்றி நினைக்கவே பயந்தேன். அப்பா எப்போது வருவார் என்று கேட்டால் என்ன சொல்வது? சவ்தாவுக்கும் பதில் தெரியாது. பொய்யாக எதையும் சொல்லாமல், குழந்தை கேட்ட இடத்தில் வெட்டிக் கொடுத்தார். எனக்கு அன்று ராத்திரிதான் கொஞ்சம் தூக்கம் வந்தது.

இனி அந்தப் பள்ளியில் விருந்தாளி நாள் வந்தால் நாங்கள் இரண்டு பேருமே போவோம். ஒருவர் பாப்பாவோடு இருப்போம், இன்னொருவர் யாரும் வராத பிள்ளையோடு.

சவ்தாவை ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குக் கூப்பிட்டிருக்கிறேன். கோஷர், அதாவது யூதர்களின் உணவு விதி, பார்ப்பவர், நம் பாத்திரத்தில் சமைத்ததைச் சாப்பிட மாட்டார். முழுப் பழங்களும் பேப்பர் தட்டும் வாங்கி வைத்துவிட்டேன். நீங்களும் வாருங்கள், அறிமுகப்படுத்துகிறேன்.

நன்றியுடன்,
பாப்பாவின் அம்மா