சேர்த்துக்கொண்டால் மட்டும் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பல்கலைக்கழக அறிவியல் துறைகளில் எல்லாத் தரப்பினருக்கும் இடம் வேண்டும் என்ற தங்கள் தலையங்கத்தைப் படித்தேன். நியாயமான பேச்சுதான். ஆனால் சேர்க்கையைத் தாண்டி அது நகரவே இல்லை. தமிழ்நாட்டில் அந்தச் சண்டையைப் பெருமளவு முன்னவர்கள் போட்டு முடித்துவிட்டார்கள். 69 விழுக்காடு இடஒதுக்கீட்டுச் சட்டம் 1994-லேயே அரசியலமைப்புச் சட்டத்தின் ஒன்பதாவது அட்டவணையில் ஏறிவிட்டது. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்கு வரும் பெண்களுக்கு 2022 முதலும் ஆண்களுக்கு 2024 முதலும் மாதம் ஆயிரம் ரூபாய் கிடைக்கிறது. வடசென்னையின் வியாசர்பாடியிலிருந்தும் காசிமேட்டிலிருந்தும் பிள்ளைகள் வந்து சேர்கிறார்கள். வந்தபின் ஆய்வகத்துக்குள் அவர்களுக்கு என்ன நடக்கிறது? வடசென்னைக் கல்லூரி ஒன்றில் வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் என்பதால் கேட்கிறேன்.

இளநிலை வகுப்பில் உப்புப் பகுப்பாய்வு உண்டு; கொடுத்த உப்பில் என்ன இருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். கம்பி நுனியில் உப்பைத் தொட்டுச் சுடரில் காட்டினால் கால்சியம் செங்கல் சிவப்பாகவும் பேரியம் இளம்பச்சையாகவும் எரியும். பச்சையையும் சிவப்பையும் பிரித்தறிய முடியாத கண் சிலருக்குப் பிறவியிலேயே அமைந்துவிடுகிறது. அப்படிப்பட்ட மாணவன் ஒருவனை, சோதனை செய்யாமலே விடை எழுதுகிறான் என்று புறத்தேர்வாளர் எல்லார் முன்னிலையிலும் திட்டினார். பையன் படிப்பையே விட்டுவிடப் பார்த்தான். இத்தனைக்கும் வழி எளிது. நிறத்தைப் பக்கத்து மாணவர் சொல்லலாம், முடிவை அவன் எடுக்கட்டும். பேரியத்தை உறுதிசெய்ய, கரைசலில் சல்பேட் சேர்த்தால் அடியில் படியும் வீழ்படிவு இருக்கிறது. அது வெள்ளை, அவன் கண்ணுக்கும் தெரியும். கரைசலின் செறிவை அளக்கும் தரம்பார்த்தலில், நிறம் மாறிக் காட்டும் நிறங்காட்டிக்குப் பதில் அமிலத்தன்மையை எண்ணாகக் காட்டும் பிஹெச் மீட்டர் வைக்கலாம். செலவு அதிகமில்லை, மனம்தான் வரவேண்டும்.

மாற்றுத்திறனாளிகளுக்கு உயர்கல்வியில் 5 விழுக்காடு இடம் தர வேண்டும் என்கிறது 2016-ஆம் ஆண்டுச் சட்டம். லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் இரண்டாம் மாடியில் ஆய்வகத்தை வைத்துக்கொண்டு அந்த இடத்தைக் கொடுத்து என்ன பயன்? வாய்மொழித் தேர்வும் இப்படித்தான். தமிழ்வழியில் படித்து வந்தவருக்கு விடை தெரியும், ஆங்கிலத்தில் கேட்டதும் நா எழாது. முதலில் தமிழில் சொல்லச் சொன்னால் குடி முழுகிவிடாது.

எல்லாவற்றையும்விடப் பெரிய வடிகட்டி, முதுநிலை இறுதியாண்டு புராஜெக்ட். சென்னையின் ஆராய்ச்சி நிலையங்கள் பெரும்பாலும் தெற்கே இருக்கின்றன: ஐஐடி, மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம், கணித அறிவியல் நிறுவனம் எல்லாம் கிண்டி, அடையாறு, தரமணிப் பக்கம். வடசென்னையில் எங்கள் பங்குக்கு அனல்மின் நிலையமும் மணலி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் வந்தன. தெற்கே உள்ள அந்த ஆராய்ச்சி நிலையங்களில் புராஜெக்டுக்கு இடம் பிடிப்பது பேராசிரியர் ஒருவர் தம் நண்பருக்குப் போடும் ஒரு போனில் முடிந்துவிடுகிறது. குடும்பத்தில் ஆராய்ச்சி வாசனையே இல்லாத பிள்ளைக்கு அப்படி ஒரு வாய்ப்பு இருந்ததே தெரியாது. தெரிந்து போனாலும், எண்ணூரிலிருந்து ரயில் மாறிக் கிண்டி போகும் பெண்ணுக்கு இரவு எட்டு மணிக்குக் கருவியை ஒதுக்கினால் அவள் மறுக்கத்தான் செய்வாள். ஆர்வமில்லாதவள் என்ற பெயர் அதோடு ஒட்டிக்கொள்ளும்.

இதில் நட்டம் மாணவருக்கு மட்டுமல்ல. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு வந்த எண்ணெய் எண்ணூர் கழிமுகத்தில் படிந்தது. அதே மாதம் அம்மோனியாவும் கசிந்தது. எந்தச் சேற்றில் நண்டு குழி தோண்டும், எந்தத் திட்டில் பெண்கள் கையால் இறால் தடவுவார்கள் என்று எண்ணூரின் மீனவக் கிராமமான காட்டுக்குப்பத்துப் பிள்ளைக்குத் தெரியும். இந்த மாசை ஆராய நீர், சேற்று மாதிரியை எங்கே எடுப்பது என்று முடிவு செய்யும் மேசையில் அவரும் உட்கார வேண்டும். படகு ஓட்டி வழிகாட்ட மட்டும் அழைக்காமல், கட்டுரையில் பெயர் வரும் ஆய்வாளராக அவரைச் சேர்க்க வேண்டும்.

சம வாய்ப்பு மையம், பாகுபாட்டுத் தடுப்பு அலுவலர் எல்லாம் வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2012-லேயே விதி செய்துவிட்டது. பெயர்ப் பலகைக்குக் குறைவில்லை. நான் கேட்பது இன்னொரு பலகை. இந்த ஆண்டு புராஜெக்ட் இடங்கள் எங்கெங்கே இருக்கின்றன, எத்தனை, விண்ணப்பிக்கக் கடைசி நாள் எது என்று ஒவ்வொரு துறையும் மாணவர் பார்க்கும் இடத்தில் ஒட்டட்டும். அரசுப் பள்ளியிலிருந்து வந்தவர்களில் எத்தனை பேருக்கு அவை கிடைத்தன என்ற கணக்கை ஆண்டு முடிவில் தாங்கள் கேட்டு வாங்கி வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்,
தண்டையார்பேட்டை, சென்னை