ஏலகிரி தியான முகாமுக்கு வழிசெய்த அனைவருக்கும் நன்றி

அன்பான ஆயர் ஐயாவுக்கும் ஆயரம்மாவுக்கும், முகாமுக்காக உழைத்த எல்லோருக்கும் ஸ்தோத்திரம்.

முதல் நன்றி, மலைக்கே வராதவர்களுக்கு. என் மாமியார் படுத்த படுக்கையாக இருக்கிறார். அவரை விட்டுவிட்டு எப்படிக் கிளம்புவது என்று தயங்கியபோது எதிர்வீட்டு பாய் வீட்டம்மா, "அல்லாகிட்ட கேட்கத்தானே போறே, போய்ட்டு வாம்மா, நான் பார்த்துக்கறேன்" என்றார். ராத்திரியும் எங்கள் வீட்டிலேயே தங்கி, வேளாவேளைக்குக் கஞ்சி ஊட்டி, புண் வராமல் திருப்பிப் படுக்கவைத்திருக்கிறார். ஷூ கம்பெனியில் சனிக்கிழமை என் மெஷினில் உட்கார்ந்து தைத்த அக்காவுக்கும் நன்றி. இந்த இருவரும் இல்லாவிட்டால் ஏலகிரி அடிவாரத்துப் பொன்னேரியைத் தாண்டி அந்த 14 கொண்டை ஊசி வளைவுகளில் நான் ஏறியிருக்கவே முடியாது.

1853இல் ஆற்காடு மிஷன் தொடங்கிய காலத்திலிருந்து நம் பக்கத்துச் சபைகளில் ஆராதனைக்கும் கூட்டங்களுக்கும் குறைவில்லை. பாடுகிறோம், பிரசங்கம் கேட்கிறோம், விண்ணப்பங்களை வரிசையாகச் சொல்லி ஜெபிக்கிறோம். கர்த்தர் முன்னால் பேசாமல் உட்காருவது மட்டும் எனக்குப் பழக்கமே இல்லை.

சனிக்கிழமை காலை ஆயர் ஐயா வேதத்தில் 1 இராஜாக்கள் 19ஆம் அதிகாரத்தை எடுத்தார். எலியா தீர்க்கதரிசி களைத்துப்போய்ச் சூரைச்செடியின்கீழ் படுத்து, சாக வேண்டும் என்று கேட்கிறார். தேவதூதன் அவருக்குப் புத்தி சொல்லவில்லை. சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்து, மறுபடி தூங்க விடுகிறான். கர்த்தருடைய மெல்லிய சத்தம் கேட்டதெல்லாம் அதற்கு அப்புறம்தான், ஓரேப் மலையில். இதைச் சொல்லிவிட்டு, செல்போன்களை வாங்கி வைத்துக்கொண்டு, ஆளுக்கொரு மரத்தடிக்கு அனுப்பிவிட்டார்.

எனக்கு ஒரு பலா மரம். முதலில் மகளின் ஃபீஸ், குழுக் கடன் தவணை, மாமியாரின் மருந்துச் சீட்டு என்று மனசு ஓடிக்கொண்டே இருந்தது. வேதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். கொஞ்ச நேரம் கழித்துப் படிப்பதும் நின்றுபோனது. எதுவும் கேட்கத் தோன்றவில்லை. அழுதேன். துக்கம் என்று சொல்ல முடியாது. என் களைப்பு கர்த்தருக்குத் தெரியும் என்று அந்த இடத்தில் நிச்சயமாக உணர்ந்தேன். வருஷக்கணக்கில் ஜெபித்தும் எனக்குக் கிடைக்காத நிச்சயம் அது.

சமையல் செய்த பெண்கள் ஐக்கிய சங்கத்து அம்மாக்களே, எலியாவுக்கு அடை சுட்டுக் கொடுத்த தூதன் மாதிரிதான் நீங்கள் எனக்குத் தெரிந்தீர்கள். சுடச்சுட இட்லியும் முள்ளு கத்திரிக்காய்க் கொத்சுவும் பரிமாறிவிட்டு, "நீங்க போய் ஜெபம் பண்ணுங்க" என்று எங்களைத் தட்டுகூடக் கழுவ விடவில்லை. நாங்கள் அமைதியாக உட்கார்ந்திருந்த நேரமெல்லாம் நீங்கள் அடுப்படியில் வெந்துகொண்டிருந்தீர்கள். அடுத்த முறை நீங்கள் மரத்தடியில் உட்காருங்கள், அடுப்பை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். கமிட்டி இதற்கு ஒத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பணம் கட்ட முடியாத சிலருக்கு யாரோ பெயர் சொல்லாமல் கட்டியிருக்கிறார்கள். அவர்களைக் கர்த்தர் ஆசீர்வதிப்பாராக. வளைவுகளில் வயதானவர்களுக்குக் குமட்டாதபடி நிதானமாக வேன் ஓட்டிய தம்பிக்கும் நன்றி.

வீட்டில் நோயாளியையோ சின்னப் பிள்ளைகளையோ விட்டுவிட்டு வர முடியாமல் அடுத்த முகாமுக்குத் தயங்குகிறவர்கள் என்னிடம் சொல்லுங்கள். அந்த வாரம் உங்கள் வீட்டுக்கு நான் வந்து இருக்கிறேன்.

கிறிஸ்துவின் அன்பில்,
இராணிப்பேட்டையிலிருந்து உங்கள் சகோதரி