டிராவலை முதல் பாயிண்டிலிருந்தே சொல்ல வையுங்கள்

மதிப்பிற்குரிய அல்டிமேட் (பறக்கும் டிஸ்க்கை எறிந்து பிடிக்கும் ஆட்டம்) போட்டி அமைப்பாளர்களுக்கும் கேப்டன்களுக்கும், வணக்கம்.

கடந்த போட்டியின் அரையிறுதி எப்படி முடிந்தது என்று உங்களுக்கே தெரியும். அதுவரை யாரும் சொல்லாத டிராவலை, அதாவது டிஸ்க் வைத்திருப்பவர் கால் விதியை மீறினார் என்ற முறையீட்டை, கடைசி பாயிண்டில் (ஒரு கோல் விழும் வரையிலான ஆட்டம்) ஒருவர் சொன்னார். சொன்னவர்தான் குற்றவாளி ஆனார். எங்கள் வேண்டுகோள் ஒன்றுதான்: கால் விதியை முதல் ஆட்டத்தின் முதல் பாயிண்டிலிருந்தே எல்லா அணிகளும் கடைப்பிடிக்கச் செய்யுங்கள்.

விதியில் குழப்பமே இல்லை. ஓடிக்கொண்டே டிஸ்க்கைப் பிடித்தவர் திசை மாறாமல், முடிந்த விரைவில் வேகத்தைக் குறைத்து பிவட் (நகராமல் ஊன்றும் கால்) ஊன்ற வேண்டும். நிற்காமலே எறிவதென்றால், பிடித்த பிறகு 2 முறைக்கு மேல் தரையைத் தொடக் கூடாது. வேகத்தைக் கூட்டவும் கூடாது. பிவட் ஊன்றிவிட்டால், டிஸ்க் கையை விட்டுப் போகும் வரை அது இடம் பெயரக் கூடாது. வாங்கியதும் கொடுக்கிற அவசரத்தில் மூன்றாவது அடி விழுகிறது. நீண்ட பேக்ஹேண்டில் பிவட் கால் இழுபடுகிறது.

இதில் மாட்டிக்கொண்டு தவிப்பவர், எறிபவரை எதிரே நின்று தடுக்கும் மார்க்கர். ஒரு டிஸ்க் விட்டம் இடைவெளி விட்டு நின்று, எறிபவரின் இடுப்பையும் தோளையும் கவனித்தபடி, வாய்விட்டு 10 வரை எண்ணுகிறார். காலைக் குனிந்து பார்த்தால் அந்த நொடியிலேயே டிஸ்க் அவரைத் தாண்டிவிடும். எறிபவர் பிவட்டை அரை அடி நகர்த்தினாலே போதும், மார்க்கரின் கை எட்டாத கோணம் கிடைத்துவிடும். பாடுபட்டு அடைத்த பக்கம் திறந்துவிடும். தள்ளி நிற்கும் தடுப்பாட்டக்காரருக்குத்தான் கால் தெளிவாகத் தெரியும். அவரும் டிராவல் சொல்லலாம். சொன்னால், "அங்கிருந்து உனக்கு எப்படித் தெரிந்தது?" என்று பாய்கிறார்கள். அடுத்த டிஸ்க்கிலேயே பழிக்குப் பழியாக ஒரு டிராவல் வருகிறது. ஆட்டம் முடிந்ததும், நேர்மையான ஆட்டத்துக்காக எதிரணி தரும் ஸ்பிரிட் மதிப்பெண்ணிலும் கை வைக்கிறார்கள். நடுவர் இல்லாத ஆட்டத்தில் விதியைச் சொன்னவரையே தண்டித்தால், அடுத்த முறை யார் வாய் திறப்பார்?

சொன்ன பிறகு செய்ய வேண்டியதும் பலருக்குத் தெரியவில்லை. எறிபவர் ஏற்றுக்கொண்டால் ஆட்டம் நிற்காது. மார்க்கர் 10 வரை எண்ணும் ஸ்டால் எண்ணிக்கை மட்டும் நிற்கும். டிராவல் சொன்னவர் காட்டிய இடத்தில் பிவட் ஊன்றியதும் எண்ணிக்கை தொடரும். பிவட்டைச் சரிசெய்யாமல் எறிந்து, அணித்தோழர் பிடித்துவிட்டால் ஆட்டத்தை நிறுத்தி டிஸ்க்கைத் திரும்பக் கேட்கலாம். பாஸ் தவறினால் ஆட்டம் அப்படியே போகும். மறுப்பு வந்தாலோ, இப்படி டிஸ்க்கைத் திரும்பக் கேட்டாலோ தவிர, 14 பேரும் இடுப்பில் கை வைத்து நிற்க வேண்டிய அவசியமே இல்லை.

கோப்பைக்கும் சீருடைக்கும் படப்பிடிப்புக்கும் எவ்வளவோ நாள் செலவிடுகிறீர்கள். விதிப் புத்தகத்தைத் திறக்காமலே களமிறங்கும் அணிகளை ஒரு வார்த்தை கேட்பதில்லை. ஸ்பிரிட் என்று மூச்சுக்கு மூச்சு பேசுகிறோம். விதி தெரியாமல் ஸ்பிரிட் எங்கிருந்து வரும்? கடுமையாகப் பேசியிருந்தால் பொறுத்தருளுங்கள்.

கேப்டன்கள் கூட்டத்தில் 10 நிமிடம் ஒதுக்கி, மூன்றாவது அடி, இழுபடும் கால், தவறான இடத்தில் ஊன்றிய பிவட் ஆகியவற்றைக் களத்தில் செய்தே காட்டுங்கள். ஸ்பிரிட் தாளின் முதல் தலைப்பே விதி அறிவும் பயன்பாடும்தான். அங்கே, சரியான டிராவலைச் சொன்னதற்காக மதிப்பெண் குறையாது, பழிவாங்கச் சொன்னால் குறையும் என்று எழுத்தில் அறிவியுங்கள். கால் விதி முதல் பாயிண்டிலிருந்தே நடைமுறைக்கு வர வேண்டும். அடுத்த போட்டியின் அட்டவணையோடு சேர்த்தே இந்த அறிவிப்பை அனுப்புமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தடுப்பாட்டக்காரர்கள் சிலர்