கிணறு வடக்கேயா, தெற்கேயா

அன்புள்ள பிள்ளைக்கு,

போனில் சொல்லத் தொடங்கினால் "வேலைக்குப் போகிற நேரம் அம்மா" என்பாய். அதனால் எழுதுகிறேன். இதோடு ஒட்டின உறை ஒன்றும் வருகிறது. அதை இப்போது உடைக்காதே.

யாழ்ப்பாணத்தில் விட்டுவந்த மயிலிட்டி வீட்டின் போட்டோ ஒன்றாவது இருக்கிறதா என்று எத்தனை தரம் கேட்டிருப்பாய். 1990 யூனில் சண்டையால் இடம்பெயர்ந்தபோது நாங்கள் தூக்கி வந்த பையில் காணி உறுதி இருந்தது, உன் பிறப்புச் சான்றிதழ் இருந்தது, அல்பம் இல்லை. இரண்டு கிழமையில் திரும்பி விடுவோம் என்று வெளிக்கிட்டவர்களுக்கு அல்பம் எதற்கு?

போன மாதம் பக்கத்து வீட்டுப் பிள்ளை, கம்பஸில் சித்திரம் படிக்கிறவள், ஒரு புத்தகம் கொண்டுவந்து காட்டினாள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் படிப்பிக்கிற ஓவியர் தா. சனாதனன் 2011 இல் செய்தது. பெயர் 'த இன்கம்ப்ளீற் தோம்பு'. தோம்பு தெரியும்தானே? போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் எங்கள் காணிகளைப் பதிந்து வைத்த ஏடு. இவர் அந்தப் பெயரை எடுத்துக்கொண்டு, இடம்பெயர்ந்த சனங்களிடம் விட்டுவந்த வீட்டை நினைவிலிருந்து கீறித் தரச் சொல்லியிருக்கிறார். அவர்கள் கையால் கீறியது ஒன்று, அதையே கட்டடக்கலைஞர் நேர்கோட்டில் கீறியது ஒன்று, பிறகு சனாதனனுடைய ஓவியம். 1990 ஒக்டோபரில் புலிகளால் துரத்தப்பட்ட முஸ்லிம் சனங்களின் வீடுகளும் உண்டு. யாழ்ப்பாண நகரத்தில் அவர்களுக்குக் கொடுத்தது இரண்டு மணித்தியாலம். எங்கள் கதையைச் சொல்லும்போது நாங்கள் அதை விட்டுவிட்டுத்தான் சொல்லுகிறோம். எனக்கு அது உறுத்தும்.

சரி, அன்றிரவு நானும் ஒரு கொப்பித் தாளை எடுத்துக்கொண்டு இருந்தேன். அறைகள் வரவில்லை பிள்ளை. விறாந்தைக்கு எத்தனை படி, சாமியறைக் கதவு எந்தப் பக்கம் திறக்கும், ஒன்றும் வரவில்லை. பத்து வருடம் கூட்டித் துடைத்த வீடு! பென்சிலை வைத்துவிட்டுப் படுக்கப் போகலாம் என்று நினைத்த நேரம்தான் மரங்கள் வந்தன. படலையடியில் வேலிக் கதியாலாக நட்டு மரமாகிவிட்ட பூவரசு. கிணத்தடித் தண்ணியில் தளதளவென்று நின்ற வாழை. நீ ஏறி, கொப்போடு முறிந்து விழுந்த முருங்கை. விழுந்த சத்தம் குசினி யன்னலால்தான் எனக்குக் கேட்டது. அப்போ குசினி இந்தப் பக்கம்! அப்படியே ஒவ்வொரு மரத்தையும் பிடித்துப் பிடித்து வீட்டுக்குள் போனேன்.

காலையில் அப்பா பார்த்துவிட்டு, கிணறு பிழை என்றார். முருங்கைக்கு வடக்கே என்கிறார் அவர், தெற்கே என்கிறேன் நான். கோபத்தில் தனியாக ஒன்று கீறி வைத்திருக்கிறார். அதில் குசினி தீப்பெட்டி அளவு. உள்ளே வந்திருந்தால்தானே தெரியும்.

2017 இல் ஆமி அந்தப் பக்கக் காணிகளை விட்டபோது போய்ப் பார்த்தோம். எங்களுக்குக் கிடைத்தது பற்றைக் காடு. கத்தியால் வெட்டி வெட்டி உள்ளே போனோம். ஓரிடத்தில் சிவப்புச் சீமெந்துத் தரை, கையகலம். அதைப் பிளந்துகொண்டு ஒரு வேம்பு, இரண்டு கையாலும் கட்டிப் பிடிக்க முடியாத பருமன். நாங்கள் நட்டதில்லை. அப்பா அதில் சாய்ந்துகொண்டு நெடுநேரம் நின்றார், நான் ஒன்றும் கதைக்கவில்லை. கிணறு தூர்ந்துபோய், அது இருந்த இடமே பிடிபடவில்லை. அதனால்தான் எங்கள் சண்டைக்கு இன்னும் தீர்ப்பு இல்லை.

நீ ஆறு வயதில் விட்டுவந்தவள். உனக்கு நினைவில் இருக்கிறதைக் கீறு. ஒரு கட்டிலும் ஒரு மரமும் என்றாலும் போதும். கீறி முடித்த பிறகு உறையை உடைத்துப் பார். அப்பாவுக்குப் போன் எடுத்துக் கேட்காதே, அவர் வடக்கே என்றுதான் சொல்லுவார்.

அம்மா