கேடட்டின் ஆறு மாத வாட்ச்: கப்பல் நிறுவனங்களின் பணியாளர் பிரிவினருக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

சிங்கப்பூரிலிருந்து கப்பல் நடத்தும் உங்களிடம் ஒன்றைத்தான் கேட்கிறோம்: அதிகாரியாகப் பயிற்சி பெறக் கப்பலேறும் கேடட் பிள்ளைகள் கடலில் கழித்த நாள்களுக்குக் கணக்கு ஒழுங்காக இருக்கட்டும்.

மாலுமிகளின் பயிற்சி, தகுதிச் சான்று பற்றிய உலக உடன்படிக்கையான எஸ்டிசிடபிள்யூ விதிப்படி, அதிகாரி தகுதிச் சான்று பெற, பயிற்சிப் பதிவேட்டுடன் ஏறும் டெக் கேடட்டுக்கு (கப்பலைச் செலுத்தும் பிரிவில் பயில்பவருக்கு) 12 மாதக் கடல்சேவை வேண்டும். பதிவேடு இல்லாமல் ஏபியாக (தேர்ந்த டெக் மாலுமியாக) இருந்து மேலே வருபவருக்கு 36 மாதம். இருவருக்குமே அதில் 6 மாதமாவது பிரிட்ஜ் வாட்ச், அதாவது கப்பலைச் செலுத்தும் மேடையில் முறைவைத்துச் செய்யும் கண்காணிப்புப் பணி, இருக்க வேண்டும். நடப்பது என்ன? பகலெல்லாம் துரு தட்டல், பெயின்ட். சைன் ஆஃப் வாரத்தில், அதாவது கப்பலை விட்டு இறங்கும் வாரத்தில், பதிவேட்டைத் தூசி தட்டி, ஒரே பேனாவால் மொத்தமாகக் கையெழுத்து. நட்சத்திரம் பார்த்து நிலை கணித்ததாக எழுதியிருக்கும். அதே நாளில் கப்பலின் தினக்குறிப்பான லாக் புத்தகம் வானம் முழுக்க மேகம் என்கிறது. தேர்வாளர் அசடா என்ன?

கேடட்டை முதன்மை அதிகாரியின் காலை, மாலை 4–8 மணி வாட்ச்சில் போடுங்கள். விடியலும் அந்தியும் அதற்குள் வருவதால் நட்சத்திரக் கணிப்பு, சூரியன் உதிக்கையில் திசைகாட்டிப் பிழை இரண்டும் கைக்கு வரும். பதிவேட்டில் வாரம் ஒருமுறை கையெழுத்திட்டால் அரைமணி நேர வேலை.

கேப்டனின் சேவைச் சான்றில் “நல்ல பையன், உழைப்பாளி” என்று இருந்தால் போதாது. கப்பலின் பெயர், ஐஎம்ஓ எண் (கப்பலின் நிரந்தர அடையாள எண்), மொத்த டன்னேஜ் (கப்பலின் கொள்ளளவைக் காட்டும் எண்), ஏறிய தேதி, இறங்கிய தேதி, வாட்ச் எத்தனை மாதம் என்பதெல்லாம் வேண்டும். இன்ஜின் பக்கம் என்றால் முதன்மை இயந்திரத்தின் கிலோவாட்டும். துறைமுக எல்லைக்குள் மட்டும் ஓடி, கப்பல்களுக்கு எரிபொருள் நிரப்பும் பங்கர் படகில் எத்தனை ஆண்டு உழைத்தாலும் இந்தக் கணக்கில் சேராது. அதை வேலைக்கு எடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்.

மருத்துவச் சான்று அதிகபட்சம் 2 ஆண்டு. உயிர்காப்பு, தீயணைப்புத் தகுதியை 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். இறங்கும் தேதிக்கு மூன்று மாதம் முன்பே வகுப்பில் இடம் பிடித்துவிட்டால் விடுமுறை வீணாகாது. கட்டணம் யார் தலையில் என்பது ஒப்பந்தத்திலேயே இருக்கட்டும். வேலை பிடித்துக் கொடுத்ததற்கு மாலுமியிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்பது கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை 2006இலேயே உள்ளது.

கடைசியாக ஒன்று. கப்பலிலிருந்து இறங்கியவரைக் கரைக்குக் கொண்டுவரும் லாஞ்ச் (சிறு படகு) சிங்கப்பூரின் மரினா சவுத் படகுத்துறையை அடையும் முன், சேவைச் சான்று, பதிவேட்டுப் பக்கங்கள் இவற்றின் படம் உங்கள் அலுவலகத்துக்கு வந்திருக்க வேண்டும். வராவிட்டால் அன்றே கேப்டனைக் கேளுங்கள்; மறுநாள் அவர் கப்பலோடு போய்விடுவார்.